தண்ணீரிலும் எயார் எடுங்கள்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, வாகன எஞ்சினைக் கழற்றி வேறு வேலைக்கு மாற்றிப் பூட்டும் பாஸ்மாருக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிமாருக்கும், கார் எஞ்சினில் ஒரு சின்ன விமானம் கட்டிப் பறக்க வேண்டும் என்று யூடியூப் பார்த்து விழித்திருக்கும் பிள்ளைகளுக்கும் தம்பிலுவிலிலிருந்து எழுதும் மடல்.

காக்காமாரே, அண்ணன்மாரே, தம்பிமாரே,



டீசல் லைனில் எயார் பிடித்தால் என்ன செய்வது என்று உங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வட்டைக்குள் லேண்ட்மாஸ்டர் நின்றுபோனால், கூட வந்த பொடியனே பம்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை பார்த்துவிட்டு இறுக்கிவிடுவான். பிரேக்கிலும் அப்படித்தான். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சில்லுக்குப் பின்னால் படுத்துக் கிடந்து நிப்பிளைத் திறந்து மூடுவார். இவ்வளவும் தெரிந்த நாம் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், ரேடியேட்டர் வாய்மட்டம் வந்ததும் மூடியைப் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறோம். அதற்குள்ளும் எயார் நிற்கிறது. அதையும் எடுக்க வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

இந்தப் பழக்கம் நமக்கு வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நாம் தொழில் படித்தது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில். எஸ்195 வகையை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே திறந்த வாயுள்ள தண்ணீர்த் தொட்டி, அதில் மிதக்கும் சிவப்புக் குமிழ். தண்ணீர் கொதிக்கும், ஆவி மேலே போகும், குமிழ் இறங்கும், ஒரு வாளி ஊற்றுவோம். காற்று நிற்பதற்கு அந்த எஞ்சினில் இடமே கிடையாது. வெள்ளாமைக் காலம் முழுக்க அதோடு கிடந்தவர்களுக்குத் தண்ணீருக்குள் காற்று சிக்கும் என்ற நினைப்பே வராது. மூடிய ரேடியேட்டரும், வோட்டர் பம்பும், தேர்மோஸ்டட்டும் உள்ள கார் எஞ்சின் வேறு சாதி. அதில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடுகிறது. காற்று உள்ளே மாட்டினால் தானாக வெளியே வர அதற்கு வழி இல்லை.

அப்படி மாட்டிய காற்று என்ன செய்யும்? தண்ணீர் சூட்டைக் கடத்துவது காற்றைப் போல் இருபது மடங்குக்கும் மேல். ஒரே அளவு இடத்தை எடுத்துக்கொண்டால், ஒரு பாகை ஏறுவதற்குத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம் காற்று வாங்குவதைப் போல் சுமார் 3,500 மடங்கு. ஆகவே ஹெட்டுக்குள்ளே, எக்சோஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள அந்தக் குறுகிய வழியில் ஒரு குமிழ் நின்றுவிட்டால், அந்த இடத்துச் சூட்டை எடுத்துப் போக ஆள் இல்லை. சோற்றுப் பானையைச் சரித்து அடுப்பில் வைத்தால் தண்ணீர் தொடாத பக்கம் முதலில் கரிவது போலத்தான். பக்கத்தில் இருக்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவியாகும், குமிழ் பெருக்கும், பெருத்த குமிழ் இன்னும் கொஞ்சம் இரும்பை வெறுமையாக்கும். அலுமினிய ஹெட் என்றால் வளைந்துவிடும். பிறகு கஸ்கட் போகும்.

வோட்டர் பம்பு இதற்கு உதவாது. அதன் விசிறி தண்ணீரின் எடையைச் சுழற்றி எறிந்துதான் வேலை செய்கிறது. வயலுக்கு இறைக்கும் பம்பியை முதலில் தண்ணீர் ஊற்றி நிறைக்காமல் ஓட்டினால் என்ன நடக்கும் என்று நீங்கள் பார்த்தவர்கள். எஞ்சின் பம்பிலும் காற்று புகுந்தால் அதே கதை: சுற்றும், தள்ளாது.

இதைவிட மோசமானது கேஜ் காட்டும் பொய். சூட்டுச் சென்சரின் நுனி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் உண்மையான சூட்டைச் சொல்லும். அது நிற்கும் இடத்தில் காற்று இருந்தால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் ஊசி நடுவுக்குக் கீழேயே நிற்கக்கூடும். “ஊசி ஏறவே இல்லை பாஸ், திடீரென்று நின்றுவிட்டது” என்று ஒருவர் வந்து சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினைச் செய்த கம்பனி, அது எந்த வாகனத்தில், எந்தச் சரிவில் உட்காரும் என்று பார்த்துத்தான் தண்ணீர் வழியைப் போடுகிறது. காற்று எங்கே ஏறும், எங்கே சேரும், எந்த ஸ்க்ரூவால் வெளியே வரும் என்பதெல்லாம் அந்தக் காரின் பொனட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் கணக்கு. அதே எஞ்சினை நாம் படகில், ஆலையில், இறைக்கும் பம்பில், விமானத்தில் கொண்டுபோய் வைத்த நிமிடத்திலிருந்து அந்தக் கணக்கு செல்லாது. உயரமான இடம் மாறிவிட்டது. எயார் ஸ்க்ரூ பழைய இடத்திலேயே இருக்கிறது. காற்று புதிய உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எஞ்சினை மாற்றிப் பூட்டுகிறவர் கப்ளிங்கையும் மவுண்டிங்கையும் மாற்றுவது போல, காற்றின் வழியையும் மாற்றிப் போட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினாலும் பயன் இல்லை.

விமானக் கனவோடு இருக்கும் தம்பிமாருக்கு ஒரு எஞ்சினை வைத்தே சொல்கிறேன். வெளிநாடுகளில் வீட்டில் கட்டும் சிறு விமானங்களுக்கும் ஜைரோகொப்டர்களுக்கும் பலர் தேடிப் போனது சுபாரு எஞ்சின். முதலில் இஏ81, பிறகு இஜே22. நாலு சிலிண்டரும் இரண்டு பக்கமாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் மேலே ஒரு குறுக்குக் குழாயில் சேர்ந்து ரேடியேட்டருக்குப் போகும். காரில் ரேடியேட்டர் முன்னால் நிமிர்ந்து நிற்பதால், அதன் மேல் மூலையிலுள்ள ஸ்க்ரூவைத் திறந்தால் காற்று வரும். விமானத்தில் காற்றெதிர்ப்பைக் குறைக்க வேண்டும் என்று ரேடியேட்டரை வயிற்றுக்கடியில் படுக்க வைப்பார்கள். இப்போது அந்த ஸ்க்ரூ எஞ்சினுக்குக் கீழே. அதைத் திறந்தால் தண்ணீர்தான் கொட்டும். காற்று மேலே குறுக்குக் குழாயில் சுகமாக இருக்கும்.

பரிகாரம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறு டாங்கி வையுங்கள். அழுத்த மூடி அந்த டாங்கியில்தான் இருக்க வேண்டும், ரேடியேட்டரில் வேண்டாம். குறுக்குக் குழாயின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய குழாய், எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போய் டாங்கியில் சேரட்டும். டாங்கியின் அடியிலிருந்து ஒரு தடித்த குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு வரட்டும். காற்று மெல்லிய குழாயால் ஏறிப் போகும், தண்ணீர் தடித்த குழாயால் இறங்கி அந்த இடத்தை நிரப்பும். ஹோஸ் ஓரிடத்தில் கூனல் போட்டுப் பிறகு இறங்கினால், அந்தக் கூனல்தான் காற்றின் வீடு. ஹோஸை நேராக்குங்கள், முடியாவிட்டால் கூனலின் முதுகில் ஒரு ஸ்க்ரூ வையுங்கள்.

இஜே22 சுபாருவில் இன்னொரு பொறி இருக்கிறது. அதன் தேர்மோஸ்டட் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் இல்லை, பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஹீட்டருக்குப் போய்த் திரும்பும் சூடான தண்ணீர் பட்டுத்தான் அது திறக்கும். விமானத்தில் ஹீட்டர் எதற்கு என்று அந்த இரண்டு குழாயையும் அடைத்தவர்கள், தேர்மோஸ்டட் குளிர்ந்த தண்ணீரில் மூடியபடி நிற்க, ஹெட் பொங்குவதைப் பார்த்து எயார் என்று நினைத்து அலைந்திருக்கிறார்கள். நம் கரையில் ஹீட்டர் யாருக்கும் தேவைப்படாது. ஆகவே நம் கை முதலில் போகும் இடம் அதுதான். ஹீட்டரைக் கழற்றினால் இரண்டு முனையையும் ஒரு ஹோஸால் தொடுத்து விடுங்கள், அடைக்காதீர்கள்.

இதெல்லாம் புதிய ஞானம் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929இல் ஃபோர்ட் மொடல் ஏ கார் எஞ்சினைத் தன் ஏர் கேம்பர் விமானத்தில் பூட்டிப் பறந்தார். அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். ரேடியேட்டர் எஞ்சினுக்கு மேலே, ஓட்டுபவரின் கண்ணை மறைக்கிற மாதிரி, நிமிர்ந்து நிற்கும். முகத்துக்கு நேரே ஒரு தகரத்தை வைத்துக்கொண்டு பறக்க யாரும் ஆசைப்படமாட்டார்கள். ஆனால் தண்ணீரின் உச்சி எது, காற்று எங்கே போகும் என்ற கேள்வி அந்த விமானத்தில் எழவே எழாது. அந்த வடிவத்தை இன்றும் ஆட்கள் கட்டிப் பறக்கிறார்கள். விமானத்துக்கென்றே ஒஸ்திரியாவில் செய்யும் ரொடாக்ஸ் 912ஐ எடுத்தாலும், ஹெட்டுக்குப் போகும் தண்ணீரின் விரிவு டாங்கி எஞ்சினின் தலைமேலேதான் உட்கார்ந்திருக்கும்.

நம் கரைக்கே வந்த எஞ்சின் ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடாவிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்து எழும்பின. அன்றைக்குத்தான் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஹரிக்கேனின் மூக்கில் இருந்தது 27 லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர் மேர்லின். கிளைக்கோல் கூலன்ட் ஓடும் எஞ்சின். அதன் ரேடியேட்டரும் வயிற்றுக்கடியில்தான். அதனால்தான் எஞ்சின் பக்கத்தில், உயரத்தில், ஒரு ஹெடர் டாங்கி வைத்தார்கள். பெரிய கம்பனிக்கும் காற்று மேலேதான் ஏறும்.

விமானத்தில் இன்னொரு சங்கடம், உச்சி ஒரே இடத்தில் நிற்பதில்லை. வால் தரையில் படிந்து நிற்கும் விமானத்துக்கு நிலத்தில் மூக்குத்தான் உச்சி. ஓடி வால் தூக்கியதும் பின்பக்கம் எழும்பும். ஏறத் தொடங்கினால் மறுபடியும் மூக்கு. நிலத்தில் தொல்லை தராமல் ஒரு மூலையில் கிடந்த குமிழ், புறப்படும் நேரத்தில் நகர்ந்து ஹெட்டுக்கு வரலாம். அந்த நேரத்தில் எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும், விமானத்தின் வேகம் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்று போதாது, கீழே தென்னந்தோப்பு. ஓட்டோவை ஓரங்கட்டுவது போல ஓரங்கட்ட முடியாது. அதனால்தான் இந்தத் தம்பிமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: விமானத்தைக் கட்டிப்போட்டு, வால் தாழ்ந்த நிலையிலும் வால் உயர்த்திய நிலையிலும் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு மட்டம் பாருங்கள். தண்ணீர்ச் சூட்டுக் கேஜோடு நிறுத்தாமல், ஹெட்டின் இரும்புச் சூட்டைக் காட்டும் சென்சரும், தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜும் வையுங்கள். தண்ணீர் கசிந்தால் முதலில் விழுவது அழுத்தம். சிவில் விமான அதிகார சபையின் அனுமதி இல்லாமல் ஒரு முழ உயரம்கூட எழும்பாதீர்கள்.

படகுக்காரர்களுக்கு இதில் சமபங்கு இருக்கிறது. லொறி எஞ்சினைப் படகில் வைக்கும்போது சாஃப்ட் பின்னால் சரிந்து இறங்குவதால் எஞ்சினின் முன்தலை தூக்கி நிற்கும். விரிவு டாங்கியையோ இடம் கிடைத்த பக்கம் பூட்டிவிடுகிறோம், பல நேரம் எஞ்சினின் தலைக்குக் கீழே. அடிப்பலகையோடு ஓடும் குளிர்க்குழாயில் வளைவுகள் வேறு. ஒலுவில் துறைமுக வாயை மண் மூடி நம் ஆட்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு வாயில், அலை தூக்கி அடிக்கும் நேரம் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இனி எயார் எடுக்கும் முறை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. ஒரு பார் அழுத்த மூடிக்குள் தண்ணீர் சுமார் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். இதில் முகம் வெந்தவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள்.

பூட்டுவதற்கு முன் தேர்மோஸ்டட்டைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். பல வகைகளில் சின்னதாக ஒரு கிலுகிலுப்பு கேட்கும். விளிம்புத் தட்டில் ஒரு ஓட்டை, அதில் தளர்வாகத் தொங்கும் ஒரு சிறு ஊசி. தண்ணீர் நிரப்பும்போது காற்று அந்த ஓட்டையால் மேலே போகட்டும் என்று வைத்தது. அதைப் பூட்டும்போது ஊசி மேலே, மணிக்கூட்டின் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் வர வேண்டும். கீழே திருப்பிப் பூட்டினால் தேர்மோஸ்டட்டுக்குப் பின்னால் ஒரு காற்றுப் பொட்டலம் மாட்டிக்கொள்ளும், தேர்மோஸ்டட் திறக்காது. ஊசி இல்லாத வகை என்றால் தட்டின் விளிம்பில் மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுங்கள்.

காற்று வெளியேறும் இடம் உச்சியாக வரும்படி எஞ்சினையோ வண்டியையோ சரித்து வையுங்கள். எல்லா எயார் ஸ்க்ரூவையும் திறவுங்கள். தண்ணீரை நூல் பிடித்தாற்போல மெதுவாக ஊற்றுங்கள். வாளியைக் கவிழ்த்தால் தண்ணீரே காற்றை அமுக்கி உள்ளே பூட்டிவிடும். இடையிடையே நிறுத்தி ஹோஸ்களைக் கையால் பிசைந்து விடுங்கள். ஸ்க்ரூவின் வாயில் முதலில் சீறல் கேட்கும், பிறகு துப்பும், பிறகு பால் போல நுரை வரும், கடைசியில் உடையாத ஒரு மெல்லிய ஓட்டம் வரும். அந்த ஓட்டம் கொஞ்ச நேரம் நிலைத்த பிறகு மூடுங்கள். கீழே உள்ள ஸ்க்ரூ முதலில், உச்சியில் உள்ளது கடைசியில். உள்ளே எத்தனை லீற்றர் போனது என்று அளந்து எழுதுங்கள். எஞ்சின் பிடிக்க வேண்டியது ஆறு லீற்றர், போனது ஐந்து என்றால், ஒரு லீற்றர் காற்று உள்ளே இருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதி ஹெட்கள் தப்பும்.

பிறகு மூடியைத் திறந்தபடி மெதுவேகத்தில் ஓட்டுங்கள். தேர்மோஸ்டட் திறக்கும் கணம் கைக்கே தெரியும்: அதுவரை குளிர்ந்திருந்த ரேடியேட்டர் ஹோஸ் திடீரென்று சுடும், தண்ணீர் மட்டம் மடக்கென்று இறங்கும். அந்த இடத்தை நிரப்பி மூடுங்கள். கொஞ்சம் வேகம் கொடுத்து ஓட்டி, அணைத்து, இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருக்கும். நிரப்பி மறுபடியும் சூடாக்கி ஆறவிடுங்கள். குளிர்ந்தபின் மட்டம் அசையாமல் நின்றால்தான் எயார் போனது என்று அர்த்தம்.

ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம் கடற்கரைக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, அது ஹெட்டின் வழியைச் செதிலாக அடைக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கிளைக்கோல் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். சுத்தத் தண்ணீரை விடக் கலவை சற்றுக் குறைவாகத்தான் வெப்பம் சுமக்கும், ஆனால் கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கலந்தால், அதில் கரைந்திருக்கும் காற்றும் முன்கூட்டியே போய்விடும். கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. எஞ்சினிலிருந்து வடித்த பழையதைக் கராஜ் வாசலில் சட்டியோடு விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளும் நாய்களும் நடமாடும் இடம்.

எத்தனை முறை எடுத்தும் குமிழ் நிற்கவில்லை என்றால், அப்போது கஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் கடைகளில் கிடைக்கும், வாயு பட்டால் நிறம் மாறும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சும்மா எயார் நின்றதற்காக நல்ல ஹெட்டைக் கழற்றித் தேய்த்துப் பூட்டி, ஏழை வாகனக்காரனின் மனைவியுடைய காதுத்தோட்டை அடகுக்கு அனுப்பும் வேலை இத்தோடு நிற்க வேண்டும். “நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தேர்மோஸ்டட் தேவையில்லை” என்று கழற்றி எறிவதும் நிற்க வேண்டும். அடியில் இன்னொரு சிறு தட்டுள்ள வகை, தான் திறக்கும்போது குறுக்கு வழியை அடைக்கிறது. அதை எறிந்தால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், எஞ்சின் முன்னைவிடச் சுடும்.

வாகனம், படகு, ஆலை வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்றியதற்கா இவ்வளவு காசு என்று பாஸிடம் பேரம் பேசாதீர்கள். எயார் எடுப்பதற்கு ஒரு பகலும் ஒரு இரவும் போகும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவரும் வாளியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பாஸ்மாரே, மாற்றிப் பூட்டிய ஒவ்வொரு எஞ்சினிலும் நீங்கள் வைத்த எயார் ஸ்க்ரூவின் தலையில் மஞ்சள் பெயின்ற் பூசுங்கள். பக்கத்தில் எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று எழுதுங்கள். நாளைக்கு அந்த எஞ்சின் பொத்துவிலிலோ மருதமுனையிலோ வேறொரு கராஜுக்குப் போகும். அங்கே அதைத் திறப்பவர் உங்களைப் பார்த்திருக்கமாட்டார்.

அன்புடன்,
தம்பிலுவிலிலிருந்து